கேளுங்க, சொல்றேன்: உதை எங்க விழுந்துச்சு, மார்க் எங்க ஏறுச்சு?

கரூர் வாசகி: என் பொண்ணு டேக்வாண்டோ (உதையே பிரதானமான கொரியத் தற்காப்புக் கலை) கிளாஸ் போறா. அங்க பசங்க பொண்ணுங்க எல்லாம் சேர்ந்துதான் உதைச்சுக்கிறாங்க. உலக சாம்பியன்ஷிப்லயும் அப்படித்தானா சார்?

ஊர் ஒண்ணு, ஸ்டேடியம் ஒண்ணு, மேட்டும் ஒண்ணுதான், ஆனா ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். ரெண்டு பக்கமும் எட்டெட்டு எடைப் பிரிவு. பெண்களுக்கு 46 கிலோல ஆரம்பிச்சு 73-க்கு மேல வரைக்கும், ஆண்களுக்கு 54-ல ஆரம்பிச்சு 87-க்கு மேல. 1973-ல சியோல்ல, டேக்வாண்டோவோட தலைமையகமான குக்கிவோன்ல முதல் போட்டி நடந்தப்ப ஆம்பளைங்க மட்டும்தான். பொண்ணுங்க உள்ள வர்றதுக்கு 1987 பார்சிலோனா வரைக்கும் ஆச்சு, 14 வருஷம்! ஆனா ஒண்ணு சொல்லணும், டென்னிஸ் கிராண்ட்ஸ்லாம்ல ஆண்களுக்கு அஞ்சு செட்டு, பெண்களுக்கு மூணுன்னு வச்சிருக்காங்கல்ல, அந்த வேலை இங்க கிடையாது. யாரா இருந்தாலும் ரெண்டு நிமிஷ ரவுண்டுதான், அதே ரூல்ஸ்தான்.

திண்டுக்கல் வாசகர்: டிவில பாத்தேன். ரெண்டு பேரும் ஒத்தக்கால்ல கொக்கு மாதிரி நிக்கிறாங்க, அடியே விழுந்த மாதிரி தெரியல, மார்க் மட்டும் ஏறிட்டே போகுது. என்ன கணக்கு இது?

விழுந்துச்சு, நம்ம கண்ணுக்குத் தெரியல, அவ்ளோதான். மார்புல கட்டுற கவசத்துக்குள்ள சென்சார், காலுக்குப் போடுற சாக்ஸ்லயும் சென்சார், ரெண்டும் போதுமான பலத்தோட மோதிச்சுன்னா மெஷினே மார்க் போட்டுடும், எவ்ளோ பலம் வேணுங்கிறது எடைப் பிரிவுக்கு ஏத்த மாதிரி மாறும். உடம்புல உதைச்சா 2, தலைல 3. சுழன்று திரும்பி உதைச்சா உடம்புக்கு 4, தலைக்கு 5. கைக்குத்துக்கு 1தான், அதுவும் சுத்தி உக்காந்திருக்கிற ஜட்ஜுங்க பட்டனை அமுக்கினாத்தான். கீழ விழுந்தாலோ, கோட்டைத் தாண்டினாலோ, புடிச்சு இழுத்தாலோ ரெஃப்ரி 'கம்ஜோம்'னு (தப்புக்கான தண்டனை) ஒரு சத்தம் போடுவார், எதிராளிக்கு ஓசில ஒரு மார்க்.

மெஷின் ஏன் வந்துச்சுன்னு கேட்டா, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கைச் சொல்லணும். காலிறுதில சீனாவோட சென் சோங், அவங்க 2000, 2004 ரெண்டுலயும் தங்கம் வாங்கினவங்க, எதிர்ல பிரிட்டனோட சாரா ஸ்டீவன்சன். கடைசி செகண்டுகள்ல சாரா விட்ட உதை தலைல பட்டுச்சு, ஜட்ஜுங்க மார்க் குடுக்கல, சென் ஜெயிச்சதா அறிவிச்சும் ஆச்சு. பிரிட்டன் டீம் விடல, வீடியோவைப் போடுன்னு நின்னாங்க, பாத்தா உதை நல்லாவே விழுந்திருக்கு. முடிவையே மாத்தி சாராவை அரையிறுதிக்கு அனுப்பினாங்க, உள்ளூர் கூட்டம் கத்தின கத்து இருக்கே! சாரா வெண்கலத்தோட ஊர் திரும்பினாங்க. அடுத்த வருஷம் கோபன்ஹேகன் உலக சாம்பியன்ஷிப்ல எலக்ட்ரானிக் கவசம் வந்துடுச்சு.

இதுல எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மெஷினுக்கு அழகெல்லாம் தெரியாதுல்ல, அதனால முன்னங்காலைத் தூக்கி வாள் மாதிரி நீட்டிக்கிட்டு, தொட்டா போதும்னு ஆட ஆரம்பிச்சுட்டாங்க, நீங்க பாத்த கொக்கு அதுதான். 2022-ல ஒரு மாத்தம் கொண்டு வந்தாங்க. முன்னாடி மூணு ரவுண்டு மார்க்கையும் கூட்டுவாங்க, முதல்லயே நிறைய எடுத்துட்டவர் அப்புறம் ஓடிக்கிட்டே காலத்தை ஓட்டுவார். இப்ப ஒவ்வொரு ரவுண்டும் பூஜ்யத்துல ஆரம்பிக்கும், ரெண்டு ரவுண்டு ஜெயிச்சவர் வின்னர். பாக்க இது எவ்வளவோ தேவலை.

நாகர்கோவில் மாணவன்: நான் 63 கிலோ பிரிவு. ஒலிம்பிக்ல உன் பிரிவே இல்லடான்னு மாஸ்டர் சொல்றார், நிஜமா?

நிஜம்தான் தம்பி. உலகப் போட்டில எட்டு, ஒலிம்பிக்ல நாலுதான்: ஆண்களுக்கு 58, 68, 80, அதுக்கு மேல. 63-ல உலக சாம்பியனே ஆனாலும் ஒலிம்பிக்னா அஞ்சு கிலோ இறக்கணும், இல்ல ஏறி 68 காரங்ககிட்ட உதை வாங்கணும். அதுக்காக இன்னைக்கே சோத்தைக் குறைச்சுடாத, வளர்ற வயசு.

சேலம் வாசகர்: டபிள்யூ.டி.எஃப்.னு இருந்த அமைப்போட பேரை ஏன் மாத்தினாங்க?

டேக்வாண்டோவை உலக அளவுல நடத்துற வேர்ல்ட் டேக்வாண்டோ ஃபெடரேஷனோட சுருக்கம் அது, அந்த மூணு எழுத்துக்கு இன்டர்நெட்ல வேற அர்த்தம் வந்துடுச்சு. என்னன்னு உங்க வீட்டுப் பசங்களைக் கேளுங்க, சொல்ல மாட்டாங்க, சிரிப்பாங்க. 2017-ல இருந்து வேர்ல்ட் டேக்வாண்டோ.

மதுரை வாசகி: கடைசி செகண்ட்ல மேட்ச் தலைகீழா மாறுமா?

ரியோ 2016, 80 கிலோ ஃபைனல். பிரிட்டனோட லுட்டாலோ முகமது 6-4 லீடு, பாக்கி ஒரே ஒரு செகண்ட். ஐவரி கோஸ்ட்டோட ஷேக் சிஸ்ஸே அப்படியே சுழன்று குதிகாலைத் தலைக்கு விட்டார் பாருங்க, அன்னைக்கு அதுக்கு 4 மார்க், 8-6. முகமது டிவி மைக் முன்னாடி நின்னு தேம்பித் தேம்பி அழுதார், எனக்கே மனசு கேக்கல. 1984-ல ஓட்டத்துல வாங்கின ஒரே ஒரு வெள்ளியை மட்டும் வச்சுக்கிட்டிருந்த நாட்டுக்கு அதுதான் முதல் தங்கம். அதே நாள்ல அதே நாட்டுப் பொண்ணு ரூத் பாக்பி 67 கிலோல வெண்கலம் வாங்கினாங்க, சிஸ்ஸே கூத்துல யாரும் சரியா கவனிக்கல. மறு வருஷம் கொரியால முஜுல நடந்த போட்டில அந்தப் பொண்ணு உலக சாம்பியன்.