ஈபோ: கடகடப்பும் கத்தலும் கருவியிலா, கையிலா?

கேள்வி: ஏனுங்க, எங்க மெல்லிசைக் குழுவுல வயலின்காரர் இல்லீங்க. மாரியம்மன் நோம்பிக் கச்சேரியில பாட்டுக்கு முன்னால கிட்டார்லயே வயலினாட்டம் நீட்டி வாசிக்கலாம்னு ஈபோ ஒண்ணு வாங்கிப்போட்டனுங்க. ஒண்ணாங் கம்பியில வெச்சா கத்துது. ஆறாங் கம்பியில சத்தமே வரமாட்டீங்குது. நடுவுல கடகடன்னு அடிக்குது. ஒரு எடத்துல காதைப் பொளக்குது, ரெண்டு வெரல் தள்ளுனா அமுங்கிப்போகுது. கமகம் போட்டா சத்தம் அந்துபோகுது. பேட்டரியும் ரெண்டு கச்சேரிக்குள்ள தீந்துபோகுது. மெஷின்ல கோளாறுங்களா, என்ற கையிலயா? கிட்டார்ல மூணு சிங்கிள் காயில் பிக்கப், பத்தாம் நம்பர் கம்பி செட்டு போட்டிருக்குதுங்க.
கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: கையில்தான். அதுவும் ஓரிரு மில்லிமீட்டர் கணக்கில். பேட்டரி மட்டும் தனிக் கதை. அதற்குப் பிறகு வருவோம்.

ஈபோ 1976 முதல் விற்பனையில் இருக்கிறது. அமெரிக்கரான கிரெக் ஹீட் உருவாக்கியது. உள்ளே இரண்டு காயில், நடுவில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், 9 வோல்ட் பேட்டரி. அவ்வளவுதான். ஒரு காயில் கம்பியின் அதிர்வைக் கேட்கிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்குகிறது. இன்னொரு காயில் அதையே காந்தப் புலமாகக் கம்பிக்குத் திருப்பித் தள்ளுகிறது. ஊஞ்சலை ஒவ்வொரு வீச்சிலும் சரியான நேரத்தில் தள்ளிவிடுகிற மாதிரி. கம்பியை அது தொடுவதே இல்லை. அதனால் கம்பியில் இரும்பு இருந்தாக வேண்டும்: நைலான் கிட்டாரில் ஒன்றும் நடக்காது; வெண்கலம் சுற்றிய அக்கூஸ்டிக் கம்பிகளில் மந்தமாகத்தான் எழும்பும், அங்கேயும் சுற்றில்லாத ஒன்றும் இரண்டும் நன்றாகவே பேசும். உங்கள் பத்தாம் நம்பர் எலக்ட்ரிக் செட் இதற்குப் பொருத்தமானதே, மாற்ற வேண்டாம். இதே வேலையைச் செய்யும் வேறு கம்பெனிக் கருவிகளுக்கும் கீழே சொல்வது பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் உட்கார வைப்பது. கருவியின் அடியில் இரண்டு பள்ளங்கள் இருக்கும். வாசிக்கும் கம்பிக்கு இரு பக்கமும் உள்ள கம்பிகள் அந்தப் பள்ளங்களில் உட்கார, வாசிக்கும் கம்பி நடுவில் காந்தத்துக்கு அடியில் காற்றில் நிற்க வேண்டும். நாலாம் கம்பியில் வாசித்தால் ஐந்தும் மூன்றும் தண்டவாளம். அந்தத் தண்டவாளங்கள் சத்தம் போடாது, கருவியே அவற்றை அமுக்கிவிடும். ஒன்றுக்கும் ஆறுக்கும் ஒரு பக்கத் தண்டவாளம்தான் உண்டு. மறுபக்கத்தை உங்கள் கைதான் தாங்கியாக வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள். ஆகவே முதல் ஒரு வாரம் ஓரக் கம்பிகளை விட்டுவிடுங்கள். நாலும் மூன்றும் மட்டும்.

கடகடப்பு இந்த இடத்திலிருந்தே வருகிறது. காரணம் இரண்டு. ஒன்று, கருவியை அழுத்திப் பிடிக்கிறீர்கள். பக்கத்துக் கம்பிகள் தாழ்ந்து, காந்தம் வாசிக்கும் கம்பிக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. அதன் எடையே போதும், விரல்கள் வழிகாட்டினால் போதும். இரண்டு, கம்பி முழு வீச்சுக்கு வந்த பிறகும் அதே இடத்தில் வைத்திருப்பதால் வீச்சு பெருகிக் காந்தத்தில் இடிக்கிறது. சத்தம் எழும்பியதும் கருவியின் மூக்கை ஒரு இம்மி தூக்குங்கள், அல்லது பிரிட்ஜ் (கிட்டார் உடலில் கம்பிகளைத் தாங்கும் பாலம்) பக்கம் கால் அங்குலம் தள்ளுங்கள். பிரிட்ஜுக்கு அருகில் கம்பி விறைப்பாக இருக்கும், அகலமாக வீசாது. கடகடப்பு காந்தத்தில் இல்லாமல் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பியில்) கேட்டால் அது ஆக்‌ஷன் தாழ்வு. அதாவது கம்பிகள் ஃப்ரெட்டுக்கு மிக நெருங்கி நிற்கின்றன. பிக்கில் (மீட்டும் சின்னத் தகட்டில்) வாசிக்கும்போது தெரியாத தாழ்வு, நீண்ட சுரத்தில் வெளியே வந்துவிடும்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்ப்புக்கு அனுப்பும் காந்தச் சுருள். மூன்று சிங்கிள் காயில் கிட்டாரில் நெக் பிக்கப்பின் (கழுத்துக்கு அருகில் உள்ளதன்) காந்தங்கள் கம்பிக்கு மிக நெருங்கி இருந்தால் அவையும் கம்பியை இழுக்கும். கடைசி ஃப்ரெட்டில் அமுக்கிக்கொண்டு, பிக்கப் காந்தத்தின் தலைக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். தடித்த பக்கம் 2.4, மெல்லிய பக்கம் 2 மில்லிமீட்டர் வாக்கில் இருந்தால் சரி. குறைவாக இருந்தால் இரு பக்கத் திருகையும் இடப்பக்கமாகச் சுற்றினால் பிக்கப் இறங்கும். அரைச் சுற்று, அளவு. மறுபடி அரைச் சுற்று.

காதைப் பிளக்கும் இடத்துக்கு வருவோம். அது பிக்கப்பின் நேர் மேலே இருக்கும். அங்கே பிக்கப்புக்குக் கம்பியின் சத்தம் மட்டும் போவதில்லை. கருவியின் காந்தப் புலமும் நேராக ஏறிவிடுகிறது. கோளாறு என்று பலர் நினைப்பது உண்மையில் உங்களுக்குக் கிடைத்திருக்கிற வால்யூம் குமிழ். கருவியை நெக் பிக்கப்பை நோக்கித் தள்ளினால் சத்தம் பெருகும், விலக்கினால் அடங்கும். வயலின்காரர் வில்லில் அழுத்தம் கூட்டுகிற மாதிரி, ஒரே சுரத்துக்குள் ஏற்ற இறக்கம் கொடுக்கலாம். அதற்கு ஒரு நிபந்தனை: உச்ச இடத்திலும் காது தாங்க வேண்டும். கிட்டார் வால்யூமை ஐந்து, ஆறில் வைத்து, கருவியை நெக் பிக்கப் மேலேயே வைத்துக்கொண்டு ஆம்ப்பை அளவு பாருங்கள். அதற்கு மேல் சத்தம் போகாது என்று தெரிந்துவிட்டால் மேடையில் பயம் இல்லை.

ஒன்றாம் கம்பியின் கத்தலுக்கு மருந்தும் இதிலேயே இருக்கிறது. அந்தச் சின்ன ஆம்ப்ளிஃபயர் கம்பியைத் தள்ளும்போது அலையின் உச்சி வெட்டுப்பட்டு முரட்டுத்தனமாகிவிடும். அந்த முரட்டு அலை நேராகப் பிக்கப்பில் ஏறினால் கத்தல். கிட்டாரின் ஸ்விட்ச்சை பிரிட்ஜ் பிக்கப்புக்கு மாற்றிப் பாருங்கள். கத்தல் போய்விட்டால் நேர்ப்புலம்தான் குற்றவாளி. கருவியைப் பிக்கப்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி வையுங்கள். போகவில்லையென்றால் டோன் குமிழை நாலுக்கு இறக்குங்கள். மூன்று பிக்கப் கிட்டார்கள் பலவற்றில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் குமிழே வேலை செய்யாது, அதனால் இந்த டோன் சோதனையை நெக் பிக்கப்பில் செய்யுங்கள். அப்போதும் சத்தம் கீச்சென்றே இருந்தால் கருவியின் ஸ்விட்ச்சைப் பாருங்கள். இப்போது வரும் ஈபோவில் இரண்டு வகை ஓட்டம் உண்டு. சாதாரண ஓட்டம் அடிச் சுரத்தை எழுப்பும். ஹார்மோனிக் ஓட்டத்தில் தள்ளும் திசை தலைகீழாகிறது. கம்பி அடிச் சுரத்துக்கு ஒத்துழைக்காமல் மேல் சுரங்களுக்குத் தாவும். பையில் உரசி ஸ்விட்ச் அந்தப் பக்கம் போயிருப்பது அடிக்கடி நடக்கிற சங்கதி.

ஆறாம் கம்பி எழும்பாததில் அதிசயம் இல்லை. கனமான கம்பி, அசைய நேரம் எடுக்கும். காத்திருக்காதீர்கள். இடது கை விரலால் ஃப்ரெட்டில் ஒரு தட்டுத் தட்டினால் போதும். அந்தச் சிறு அதிர்வைக் கருவி பிடித்துக்கொண்டு ஏறும். எந்தக் கம்பியிலும் சுரம் தாளத்துக்குள் விழ வேண்டுமென்றால் இதுதான் வழி. மாறாக, பனி இறங்குகிற மாதிரி மெதுவாகத் தொடங்க வேண்டுமென்றால் தட்டாமல் வையுங்கள், தானாக எழும்பட்டும். கம்பி மாறும்போது முதலில் கருவியைத் தூக்கி, இடது கையால் பழைய கம்பியை அமுக்கி, பிறகே அடுத்ததில் வையுங்கள். இழுத்துக்கொண்டே போனால் பள்ளம் ஒவ்வொரு கம்பியிலும் ‘டக் டக்’கென்று விழும்.

இனி கமகம். உங்கள் கேள்வியில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிக் கமகம் போட்டால் கம்பி காந்தத்துக்கு அடியிலிருந்து நழுவுகிறது. சத்தம் அறுந்துபோவது அதனால்தான். எவ்வளவு நழுவுகிறது என்று கணக்குப் பாருங்கள். 648 மில்லிமீட்டர் நீளக் கம்பியில் 12ஆம் ஃப்ரெட்டிலிருந்து பிரிட்ஜ் 324 மில்லிமீட்டர். நெக் பிக்கப் பிரிட்ஜிலிருந்து சுமார் 160. 12ஆம் ஃப்ரெட்டில் 8 மில்லிமீட்டர் தள்ளினால் கருவிக்கு அடியில் கம்பி 4 மில்லிமீட்டர் விலகும். அதே 8 மில்லிமீட்டரை 5ஆம் ஃப்ரெட்டில் தள்ளினால் விலகல் இரண்டரையைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். கருவியை நடு பிக்கப் வரைக்கும் பின்னுக்குக் கொண்டுபோனால் 12ஆம் ஃப்ரெட்டிலும் ஏறக்குறைய அந்த அளவுக்கு வந்துவிடும். ஆகவே கமகம் இருக்கிற இடங்களைக் கீழ் ஃப்ரெட்டுகளுக்கு மாற்றுங்கள், கருவியைப் பின்னுக்கு வையுங்கள், வலது கையும் கம்பி போகும் திசையில் கூடவே போகட்டும். மூன்றும் சேர்ந்தால் அறுபடாது.

இதைவிட நல்ல வழி, பக்கவாட்டை விட்டுவிட்டுக் கம்பியின் நீளவாக்கில் வாசிப்பது. ஜாரு, அதாவது ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது, இதற்கென்றே பிறந்தது. நாலாம் கம்பி திறந்தால் 2 கட்டை ஸட்ஜம்; பாடகர் அந்தச் சுருதியில் இருந்தால் ஒரே கம்பியில் மோகனம் முழுவதும் கிடைக்கும்: 0, 2, 4, 7, 9, 12 ஆகிய ஃப்ரெட்டுகள். கரகரப்பிரியா என்றால் 0, 2, 3, 5, 7, 9, 10, 12. கருவி ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க, இடது கை மட்டும் ஓடும். ஐந்து கட்டைப் பாடகி என்றால் மூன்றாம் கம்பிக்கு மாறுங்கள், எண்கள் மாறாது. அசைவு வேண்டிய சுரத்தில் விரலைக் கம்பியோடு முன்னும் பின்னும் உருட்டுங்கள், வயலினில் செய்வது போல. ஃப்ரெட் படிகள் உறுத்தினால் விரலில் கண்ணாடி ஸ்லைடு மாட்டலாம். அப்போது ஸ்லைடு ஃப்ரெட் கம்பியின் நேர் மேலே நிற்க வேண்டும், பின்னால் நின்றால் சுருதி இறங்கும். அதற்குக் கொஞ்சம் உயர்ந்த ஆக்‌ஷனும் தேவை. வைப்ரேட்டோ ஆர்ம் (சுருதியை அசைக்கும் கைப்பிடி) இருந்தாலும் பயனில்லை, வலது கை ஏற்கெனவே சோலியில் இருக்கிறது.

பேட்டரி. கடையில் “9 வோல்ட் குடுங்க” என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் கார்பன் வகைதான் கையில் வரும். அது இந்தக் கருவிக்கு ஆகாது. அல்கலைன் என்று கேட்டு வாங்குங்கள். பாட்டுக்குப் பாட்டு நடுவில் கருவியை நிறுத்தாமல் ஆம்ப் மேல் வைப்பதும் பேட்டரியைத் தின்னும். பேட்டரி தளர்ந்தால் முதலில் வாய் மூடுவது தடித்த கம்பிகள். மேல் கம்பிகள் அப்போதும் பாடிக்கொண்டிருக்கும். உங்கள் ஆறாம் கம்பிப் புகாரில் பாதி இதுவாகவும் இருக்கலாம். மல்ட்டிமீட்டரில் பார்ப்பதாக இருந்தால் கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது பாருங்கள். தனியாக எடுத்து அளந்தால் தளர்ந்த பேட்டரியும் நல்ல பிள்ளை மாதிரி எண் காட்டும். ரீசார்ஜ் ஆகும் நிக்கல் வகை சற்றுக் குறைந்த வோல்ட் தரும், ஒத்திகைக்கு அது போதும்.

நீங்கள் கேட்காத ஒன்று: இரைச்சல். நீண்ட மெல்லிய சுரத்தில் சிங்கிள் காயிலின் ‘ம்ம்’ சத்தம் பிக் வாசிப்பைவிட அதிகமாகத் தெரியும். தறி ஓடுகிற ஊரிலும், சீரியல் பல்பும் ஜெனரேட்டருமாக இருக்கிற நோம்பி மேடையிலும் இன்னும் மோசம். அது ஈபோவிலிருந்து வருவதில்லை, அது பேட்டரியில் ஓடுகிறது. ஐந்து நிலை ஸ்விட்ச்சில் இரண்டாவதும் நாலாவதும் பெரும்பாலான இக்காலக் கிட்டார்களில் இரைச்சலை வெட்டும். நெக்கும் நடுவும் சேர்ந்த நிலையில் வாசியுங்கள். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைவது இயல்பு. தொட்டால் சுரீரென்று இழுத்தால் வாசிப்பதை அத்தோடு நிறுத்தி, மின்சாரக்காரரைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள். இரைச்சல் போகும் என்று எர்த் முள்ளை ஒடிக்கச் சொல்கிறவர் பேச்சை எந்தக் காரணத்துக்காகவும் கேட்காதீர்கள்.

பெடல் அதிகம் வேண்டாம். கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்துவது) தேவையே இல்லை, இரைச்சலைத்தான் தூக்கும். மெல்லிய ஓவர்டிரைவ் (சத்தத்தைச் சற்றுக் கரகரப்பாக்குவது), அதன்பின் வால்யூம் பெடல், அதன்பின் 400 மில்லி செகண்ட் வாக்கில் டிலே (எதிரொலி), கடைசியில் ரிவெர்ப் (மண்டப முழக்கம்). வால்யூம் பெடலை டிலேக்கு முன்னால் வைத்தால் காலை எடுத்த பிறகும் வால் ஓயாமல் தேயும். கம்பி மாறும் இடைவெளியை அந்த வால்தான் மூடிக்கொடுக்கும். ஒரு நேரத்தில் ஒரு கம்பிதான் பாடும் என்பதால் கார்ட் (பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பது) வராது. ஸட்ஜமும் பஞ்சமமும் பின்னால் ஓட வேண்டுமென்றால் லூப்பரில் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டும் பெடலில்) முதலில் அவற்றைப் பதிந்துவிட்டு மேலே வாசியுங்கள். பதியும்போது கருவியை நெக் பிக்கப்பிலிருந்து நன்றாக விலக்கி வையுங்கள். இல்லையென்றால் பின்னணியே பாட்டை விழுங்கிவிடும்.