திடப்படுத்தல் முடிந்ததும் காணாமல் போகும் பிள்ளைகள்

கேள்வி: பல்லடம் பக்கத்தில் உள்ள சி.எஸ்.ஐ. சபை எங்களுடையது. சுமார் 120 குடும்பங்கள். வாலிபர் ஐக்கியத்துக்கு என்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். பதிவேட்டில் 13 வயது முதல் 28 வயது வரை 46 பேர் இருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை 6 மணிக் கூட்டத்துக்கு வருவதோ ஒன்பது பத்துப் பேர். திடப்படுத்தல் (பிள்ளைகளை முதல் திருவிருந்துக்குச் சேர்க்கும் ஆராதனை) முடிந்த கையோடு பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். புதிய கீபோர்டும் புரொஜெக்டரும் வாங்கலாம் என்று கமிட்டியில் பேச்சு நடக்கிறது. எந்தப் பாடத்திட்டம் எடுத்தால் பிள்ளைகள் வருவார்கள்?

பதில்: கீபோர்டைக் கொஞ்ச நாள் ஒத்திப்போடுங்கள். பாடத்திட்டத்தையும்தான். முதலில் அந்தச் சனிக்கிழமை 6 மணியைக் கவனியுங்கள்.

உங்கள் பகுதியில் சனிக்கிழமை சம்பள நாள். பனியன் கம்பெனிக்குள் காலை எட்டரைக்குப் போனவர் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் வெளியே வர இரவு எட்டரை ஆகும். ஒரு ஷிப்டோடு கிளம்புகிறவரும் சம்பளம் கைக்கு வராமல் கேட்டைத் தாண்ட மாட்டார். வாங்கியதும் மளிகை, சீட்டுப் பணம், ஊருக்கு அனுப்ப வேண்டியது என்று வரிசையாக வேலை இருக்கும். தறிக் குடோனில் இருப்பவருக்குப் பகலும் இரவும் மாறி மாறி வரும். ஆகவே சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வருவது பள்ளிப் பிள்ளைகளும் கமிட்டிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் மட்டுமே. மற்றவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று பேசிக்கொள்கிறோம். அவர்கள் அந்நேரம் மிஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் 45 நிமிடம் போதும். வேலைக்குப் போகிறவர்களுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் ஞாயிறு மாலை நாலரை முதல் ஐந்தே முக்கால் வரை வையுங்கள். ஆறு மணிக்கு மேல் இழுத்தால் பெண் பிள்ளைகளை அடுத்த வாரம் வீட்டில் விடமாட்டார்கள். டிசம்பரில் அந்நேரமே இருட்டத் தொடங்கிவிடும். கடைசி பஸ் எப்போது என்று கேட்டு வைத்துக்கொண்டு, ஜெபம் முடியாவிட்டாலும் சொன்ன நேரத்துக்கு விட்டுவிடுங்கள். ஷிப்மென்ட் நெருக்கத்தில் ஞாயிறும் கம்பெனி ஓடும். அந்த வாரம் வராதவரைப் பற்றிக் கூட்டத்தில் குறை பேச வேண்டாம்.

அடுத்தது பதிவேடு. 46 பெயரையும் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு கட்டம் போடுங்கள்: இப்போது எங்கே இருக்கிறார், படிப்பா வேலையா, ஷிப்ட் அல்லது டியூஷன் நேரம் என்ன, தாய் தகப்பன் போக, சபையில் அவரை நன்றாகத் தெரிந்த பெரியவர் யார். விசாரித்து முடிக்க மூன்று நான்கு வாரம் பிடிக்கும். சிலர் கல்யாணமாகி வேறு ஊர் போயிருப்பார்கள். சிலர் கோவையில் கல்லூரி ஹாஸ்டலில், சிலர் நாமக்கல், ராசிபுரம் பக்கம் தங்கிப் படிக்கும் பிளஸ் டூ பிள்ளைகளாக இருப்பார்கள். உள்ளூர்க்காரர் எண்ணிக்கை 46-இலிருந்து நன்றாகவே இறங்கும். அதில் யாருக்கெல்லாம் நான்காவது கட்டம் காலியாக இருக்கிறதோ, அவர்கள்தாம் நின்றுபோகப் போகிறவர்கள், அல்லது ஏற்கெனவே நின்றவர்கள். உங்கள் வேலை அந்தக் கட்டத்தை நிரப்புவதுதான். வாலிபர் ஊழியத்தில் மற்றதெல்லாம் இதற்கு அடுத்தபடி.

ஒரு பெரியவருக்கு நான்கு பேர், மிஞ்சினால் ஐந்து. பாட்டும் கிட்டாரும் தெரிந்தவரைத் தேட வேண்டியதில்லை. ரிட்டயரான ஆசிரியர், நர்ஸ் அக்கா, கட்டிங் மாஸ்டராக இருக்கும் அண்ணன் என்று, காதில் கேட்டதை வெளியே சொல்லாத ஆட்களாகப் பாருங்கள். பெண் பிள்ளைகளுக்குப் பெண்களையே போடுங்கள். ஓராண்டுக்கு மட்டும் கேளுங்கள். ஆயுசுக்கும் என்றால் யாரும் ஒப்ப மாட்டார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நேரில் பத்து நிமிடமோ ஒரு போனோ போதும். பரீட்சைத் தேதி, வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் அந்தத் தேதி, இரண்டும் நினைவில் இருக்க வேண்டும்.

பேச்சை எப்படித் தொடங்குவது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். "ஏன் கண்ணு, சர்ச்சுப் பக்கமே காணோம்?" என்று கேட்டால், "வேலைங்க்கா" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வான். "இந்த வாரம் நைட்டா, பகலா? சாப்பாடு எங்க?" என்று கேட்டால், "நைட்டுங்க்கா. மெஸ்ல சாப்பிடறது ஒத்துக்கலைங்க, ரெண்டு நாளா வயித்து வலி" என்று அடுத்த பேச்சு வரும். வசனம் சொல்ல அங்கே அவசரப்பட வேண்டாம். மருந்து வாங்கினானா என்று மறுநாள் ஒரு மெசேஜ் போதும். நான்காம் மாதமோ ஐந்தாம் மாதமோ அவனே "ஜெபம் பண்ணுங்க்கா" என்பான்.

திடப்படுத்தலுக்கு வருவோம். வகுப்பில் விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், கர்த்தருடைய ஜெபம் எல்லாம் மனப்பாடம். பிறகு ஆராதனை, புது உடுப்பு, முதல் திருவிருந்து, வீட்டில் பிரியாணி. அதற்கு மேல் ஏற ஒரு படியும் நாம் வைக்கவில்லை. பள்ளியில் டி.சி. வாங்கிய பிள்ளை மாதிரி அவர்கள் வெளியே போகிறார்கள். எனவே திடப்படுத்தல் வகுப்பின் கடைசி மாதத்திலேயே ஒவ்வொருவருக்கும் பெரியவரை நியமித்து அறிமுகப்படுத்திவிடுங்கள். ஆராதனை முடிந்த எட்டு வாரத்துக்குள் ஆளுக்கு ஒரு பொறுப்பு கையில் இருக்க வேண்டும்: வேதபாடம் வாசிப்பது, ஆம்ப்ளிஃபயர் பார்ப்பது, ஓய்வுநாள் பள்ளியில் சின்ன வகுப்புக்கு உதவி, வயதானவர்களை வீட்டிலிருந்து அழைத்து வருவது.

பொறுப்பு என்றால் நிஜப் பொறுப்பு. நாற்காலி அடுக்கவும் கேரல் ரவுண்ட்ஸில் டிரம் தூக்கவும் மட்டும் கூப்பிட்டால் அதன் பெயர் எடுபிடி. விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பலகாரம் வாங்க 2,000 ரூபாயை இரண்டு பேர் கையில் கொடுத்து, பில்லோடு கணக்கை அவர்களையே கமிட்டியில் வாசிக்கச் சொல்லுங்கள். இருபது ரூபாய் இடித்தால் குதிக்காதீர்கள். இது புதுமை ஒன்றும் கிடையாது. 1881-இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் தொடங்கிய கிறிஸ்தியன் எண்டெவர் சங்கம் உலகெங்கும் பரவியதற்கு முக்கியக் காரணம், பிள்ளைகளை வேடிக்கை பார்க்க விடாமல் சிறு சிறு கமிட்டிகளில் வேலை பிரித்துக் கொடுத்ததே.

பாடத்திட்டம் கேட்டீர்கள். விலைக்கு வாங்க வேண்டாம். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம். வாரம் ஒன்று என்றால் நான்கு மாதம். வாசிப்பதும் அவர்கள், கேள்வி கேட்பதும் அவர்கள். 75 நிமிடத்தில் முதல் 15 நிமிடம் டீயும் பேச்சும், இரண்டு பாட்டு, வேதவாசிப்பும் கலந்துரையாடலும் 35 நிமிடம், ஜெபம் 10, மிச்சம் விளையாட்டு. பேசுகிறவருக்கு அந்த 35-இல் பத்து நிமிடத்துக்கு மேல் கிடையாது. பவுல் நடுராத்திரிவரை பேசியதில் ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான் என்று அப்போஸ்தலர் 20-இல் இருக்கிறது. பவுலுக்கே அந்தக் கதி.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு முறை நன்றாகக் கைகொடுக்கும். பெல்ஜியத்தில் ஜோசப் கார்டைன் என்ற கத்தோலிக்கக் குருவானவர் ஆலைத் தொழிலாளிப் பிள்ளைகளுக்காக 1925-இல் தொடங்கிய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தின் முறை அது: பார், சீர்தூக்கு, செயல்படு. திருப்பூருக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். "செக்கிங்கில் இருக்கும் பெண்ணை சூப்பர்வைசர் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுகிறார்" என்று ஒரு சம்பவத்தை எடுங்கள். யார், எப்போது, எத்தனை முறை, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, அந்த வார வேதபகுதியை வைத்துச் சீர்தூக்க வேண்டும். கடைசியில், அடுத்த ஞாயிற்றுக்குள் செய்யக்கூடிய ஒரு சின்னக் காரியத்தை முடிவு செய்ய வேண்டும்: மதியம் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து சாப்பிடுவது, இரண்டு பேராகச் சேர்ந்து மேனேஜரிடம் சொல்வது என்று ஏதாவது ஒன்று. மறுவாரம் செய்தார்களா என்று கேட்காமல் விட்டால் இந்த முறை வெறும் அரட்டையாகிவிடும். பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான்.

13 வயதையும் 28 வயதையும் ஒரே அறையில் வைத்துப் பேசவும் முடியாது, ஒன்பது பேரை மூன்று குழுவாக உடைக்கவும் முடியாது. பள்ளிப் பிள்ளைகள் தனி, மற்றவர்கள் தனி என்று இரண்டாகப் பிரித்தால் இப்போதைக்குப் போதும். மாதம் ஒரு ஞாயிறு எல்லோரும் ஒன்றாகப் பாடவும் விளையாடவும் வரட்டும். பள்ளியை விட்டுக் கம்பெனிக்குப் போகும் 17 வயதுப் பையன் எந்தக் குழுவில் உட்காருவது என்பதை மட்டும் அவனிடமே கேளுங்கள்.

வெளியே சொல்லாத ஒரு பிளவும் இருக்கும். லண்டன் மிஷன் என்ற இங்கிலாந்து மிஷனெரிச் சங்கம் 1830-இல் கோவைக்கு வந்ததிலிருந்து வேர்விட்ட உள்ளூர்க் குடும்பங்கள் ஒருபுறம், பனியன் தொழிலுக்காக நெல்லை, தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்தவர்கள் மறுபுறம். பொறுப்புகளெல்லாம் ஒரே பக்கத்து வீடுகளுக்குப் போனால் மறுபக்கத்துப் பிள்ளைகள் சத்தமில்லாமல் வேறு சபைக்குப் போய்விடுவார்கள். கூடவே சாதி. காதல், கல்யாணம் பற்றி வாலிபர்கள் கேட்கும் முதல் பத்துக் கேள்வியில் அதுவும் இருக்கும். "ஜெபித்துக் காத்திரு" என்று நழுவினால் அடுத்த கேள்வியை யாரும் கேட்கமாட்டார்கள். திருவிருந்துப் பந்தியில் ஒரே அப்பத்தைப் பகிர்ந்துகொண்டு வீட்டில் வேறு கணக்குப் பார்ப்பது தவறு என்று ஆயரே ஒருநாள் வந்து நேராகச் சொல்லட்டும். பெற்றோர் சிலர் முகம் சுளிப்பார்கள். அதற்காக விட்டுவிட முடியாது.

பாதுகாப்பு விஷயத்தில் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையோடு மூடிய அறையில் ஒரு பெரியவர் தனியாக இருக்கக் கூடாது. முகாமில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண். வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெற்றோராவது இருக்கட்டும். இரவு ஒன்பதுக்கு மேல் பிள்ளைகளுக்குத் தனி மெசேஜ் அனுப்ப வேண்டாம். பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். கமிட்டி கூடி "சபைக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கலாம்" என்று மூடி மறைத்தால், நிறுவனப் பொறுப்பாளருக்கு 21-ஆம் பிரிவில் ஓராண்டுவரை சிறை உண்டு. பிள்ளைகளுக்கு 1098, மன உளைச்சலுக்கு டெலி-மனாஸ் 14416; இரண்டு எண்ணையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அன்றைக்கே வீட்டாரையும் டாக்டரையும் சேர்க்க வேண்டும். ஜெபம் கூடவே நடக்கட்டும், மருத்துவத்துக்குப் பதிலாக வேண்டாம்.

ஏற்காட்டில் மூன்று நாள் முகாம் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். முதல் ஆண்டு வேண்டாம். கடைசி இரவு எல்லோரும் அழுது தீர்மானம் எடுப்பார்கள், திங்கட்கிழமை காலை எட்டரைக்கு ஓவர்லாக் மிஷின் முன்னால் தனியாக உட்காருவார்கள். முகாம் முடிந்த ஏழு நாளுக்குள் ஒவ்வொருவரையும் அவரவர் பெரியவர் பார்த்துப் பேச முடியும் என்ற நிலை வந்த பிறகு போங்கள். அதுவரை அரசு விடுமுறையில் ஒருநாள் கூடுகை போதும்.

ஆண்டை ஜூனில் தொடங்குங்கள். தீபாவளி வாரம் கம்பெனி லீவில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள், கூட்டமே வேண்டாம். பிப்ரவரி, மார்ச்சில் பொதுத்தேர்வுப் பிள்ளைகளைப் பொறுப்புகளிலிருந்து விடுவித்து, தேர்வன்று காலையில் ஒரு போன் மட்டும் செய்யுங்கள்.

கமிட்டி எண்ணிக்கைதான் கேட்கும். வருகையோடு இன்னொன்றையும் எழுதிக் கொடுங்கள். லூக்கா 2:52-இல் இயேசுவின் வளர்ச்சிக்கு ஞானம், வளர்த்தி, தேவகிருபை, மனுஷர் தயவு என்று நான்கு சொல்லப்பட்டிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் இந்த நான்கில் ஒவ்வொரு வரி எழுதச் சொல்லிப் பெரியவர்களிடம் கேளுங்கள்: படிப்போ தொழிலோ எந்த மட்டில் இருக்கிறது, உடம்பும் தூக்கமும் எப்படி, தானாக ஜெபிக்கிறானா, வீட்டிலும் நண்பர்களோடும் எப்படி இருக்கிறான். எழுத முடியாத வரிதான் அடுத்த ஆறு மாத வேலை. கமிட்டியில் மொத்த நிலையை மட்டும் சொல்லுங்கள். நோட்டு பெரியவரிடமும் உங்களிடமும் ஆயரிடமும் தவிர வேறெங்கும் போகக் கூடாது.

கல்லூரிக்காகக் கோவைக்கோ ஈரோட்டுக்கோ போகிற பிள்ளைக்கு வழியனுப்பு ஜெபத்தோடு விட்டுவிடாதீர்கள். ஹாஸ்டலுக்குப் பக்கத்துச் சபை எது என்று விசாரித்து, அங்குள்ள ஆயரின் எண்ணைப் பிள்ளைக்கும், பிள்ளை சம்மதித்தால் அதன் எண்ணை ஆயருக்கும் கொடுங்கள். கல்லூரியில் இ.யு. (எவாஞ்சலிக்கல் யூனியன்) மாணவர் ஜெபக்குழு இருக்கிறதா என்றும் கேளுங்கள். முதல் இரண்டு ஞாயிறும் எங்கே போனாய் என்று அந்தப் பெரியவர் போன் செய்து கேட்கட்டும். மூன்றாம் ஞாயிறு தாண்டினால் துணி துவைப்பதும் தூங்குவதுமே வழக்கமாகிவிடும்.