பட்ஜெட்ல போடுற வரி வருவாய் நம்பர் பொய்யா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

திண்டுக்கல்ல சின்னதா ஒரு ஹார்டுவேர் கடை வச்சிருக்கேன், சிமெண்டும் விக்கிறேன். 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்ல மாநிலத்தோட சொந்த வரி வருவாய் 2,20,895 கோடி வரும்னு போட்டாங்க, முந்தின வருஷத்த விட 14.6 சதவீதம் ஜாஸ்தியாம். எங்க பஜார்ல யாருக்கும் யாவாரம் அந்தளவு ஏறலண்ணே. நான் கடைக்குத் தப்பா கணக்குப் போட்டா வட்டிக்கு வாங்குறது நான். அவங்க தப்பாப் போட்டா யாருக்கு நஷ்டம்? தெரிஞ்சே பொய் எழுதுறாங்கன்னு நான் சொல்றேன். நீங்க என்ன சொல்றீங்க?

– திண்டுக்கல் வாசகர்

தம்பி,

பொய்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா நீங்க சந்தேகப்பட்டது ரொம்ப சரியான இடம். எல்லாரும் இலவசம், கடன்னு பேசிட்டு இருக்கும்போது நீங்க வரவு பக்கத்துல போய் கை வச்சிருக்கீங்க, அதனாலதான் கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

ஒரு வருஷத்துக்கு மூணு நம்பர் வரும். வருஷம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சட்டசபையில வாசிக்கிறது பட்ஜெட் மதிப்பீடு, டிவியில ஓடுறது அதுதான். அடுத்த பட்ஜெட்ல அதே வருஷத்துக்கு திருத்திய மதிப்பீடுன்னு ஒண்ணு வரும். அதுக்கும் அடுத்த பட்ஜெட்லதான் உண்மையில எவ்வளவு வந்துச்சுங்கற கணக்கு வரும், அதுக்குள்ள நாம எல்லாரும் மறந்துருப்போம். 2023-24ஐ எடுத்துக்கங்க. சொந்த வரி வருவாய் 1,81,182 கோடின்னு பட்ஜெட்ல சொன்னாங்க, மறுவருஷம் 1,70,147 கோடின்னு திருத்துனாங்க, கடைசியில வந்தது 1,67,279 கோடி. முதல்ல சொன்னதுக்கும் வந்ததுக்கும் கிட்டத்தட்ட 13,900 கோடி வித்தியாசம். அந்த வருஷம் மகளிர் உரிமைத் தொகைக்கு ஒதுக்குனதே 7,000 கோடிதான், அதுல ரெண்டு பங்கு போச்சுன்னு வச்சுக்கங்க.

இப்ப நீங்க சொன்ன 14.6 சதவீதத்துக்கு வர்றேன். அது எதுக்கு மேல 14.6? 2024-25 திருத்திய மதிப்பீடான 1,92,752 கோடிக்கு மேல. ஆனா அந்த நம்பரே பாதி கணிப்புதான், பட்ஜெட் தயார் பண்ற நேரத்துல வருஷம் முடிஞ்சிருக்காது, கடைசி மாசங்களுக்கு வசூல் கணக்கே கையில இருக்காது, குத்துமதிப்பாத்தான் போடணும். 2023-24ல திருத்துன பிறகும் 2,868 கோடி குறைஞ்சது பாருங்க. அடி நம்பர் கீழ இறங்குச்சுன்னா 14.6ங்கறது 14.6ஆ இருக்காது, எட்ட வேண்டிய தூரம் இன்னும் ஜாஸ்தி ஆயிடும். என்னோட ஆத்திரமெல்லாம் இங்கதான். யாரும் நம்பரைத் திருட்டுத்தனமா எழுதல, ஆனா ஒரு கணிப்பு மேல இன்னொரு கணிப்பை ஏத்தி வச்சிட்டு மேல இருக்கறத மட்டும் காட்டுறாங்க.

அதே சமயம் கணிக்கிறவங்க பாட்டையும் சொல்லணும். சொந்த வரியில முக்காவாசி வணிகவரி, அதுல பெரிய பங்கு ஜிஎஸ்டி, அந்த ரேட்டு மாநிலத்தோட கையில இல்ல. உங்க கடை சிமெண்டையே பாருங்க. வரி இல்லாம மூட்டை 300 ரூபான்னு வைங்க, 28 சதவீதத்துல வரி 84 ரூபா, மாநிலத்துக்குப் பாதி, 42. 2025 செப்டம்பர் 22ல இருந்து சிமெண்ட் 18 சதவீதம் ஆயிடுச்சு, வரி 54, மாநிலப் பங்கு 27. நூறு மூட்டையில வந்த அதே காசு வரணும்னா இப்ப 155 மூட்டைக்கு மேல விக்கணும், முடியுமா உங்களால? மார்ச்ல பட்ஜெட் வாசிச்சப்ப இது யாருக்கும் தெரியாது. முன்னாடின்னா 2022 ஜூன் வரைக்கும் மாநிலத்தோட ஜிஎஸ்டி வரவு வருஷம் 14 சதவீத வளர்ச்சிக்குக் குறைஞ்சா மத்திய அரசுகிட்ட இருந்து இழப்பீடு கிடைச்சுது, தப்பினா தாங்க ஆள் இருந்துச்சு. இப்ப இல்ல.

எல்லாமே இப்படி கஷ்டமும் இல்ல. 2021 ஆகஸ்ட்ல பெட்ரோலுக்கு 3 ரூபா வரி குறைச்சப்ப வருஷத்துக்கு 1,160 கோடி இழப்புன்னு சொன்னாங்க, மூணால வகுத்துப் பாருங்க, 387 கோடி லிட்டர் வரும், மாநிலத்துல விக்கிற பெட்ரோல் சுமாரா அவ்வளவுதான். அது நேர்மையான கணக்கு.

பத்திரப் பதிவுதான் பிடிபடாத சரக்கு. பேசுன விலை 45 லட்சமா இருக்கும், பத்திரத்துல வழிகாட்டி மதிப்பு, அதாவது அந்த இடத்துக்கு அரசாங்கம் குறிச்சு வச்ச விலை, 30 லட்சம்தான் எழுதுவாங்க, ஊருக்கே தெரியும். 2017க்கு முன்னாடி முத்திரைத்தீர்வை, பதிவுக்கட்டணம் எல்லாம் சேர்த்து 8 சதவீதம், அந்த 30 லட்சத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். 2017 ஜூன்ல வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைச்சு பதிவுக்கட்டணத்த 1 சதவீதத்துல இருந்து 4 ஆக்குனாங்க, அப்ப 20 லட்சத்துக்கு 11 சதவீதம், 2 லட்சத்து 20 ஆயிரம். 2023 ஏப்ரல்ல மதிப்பைப் பழையபடி ஏத்தி கட்டணத்த 2 ஆக்குனாங்க, 30 லட்சத்துக்கு 9 சதவீதம், 2 லட்சத்து 70 ஆயிரம். ஒரே மனை, மூணு வரி. இதுல எத்தன பேரு ரேட்டு ஏர்றதுக்கு முன்னாடி ஓடிப் போய் பதிவாங்க, எத்தன பேரு தள்ளிப் போடுவாங்கன்னு சென்னையில உக்காந்து கணிக்கணும். இதுபோக ஆடி மாசம் ஜனங்க பத்திரம் பண்ண மாட்டாங்க, ஆடிப்பெருக்கு அன்னிக்கு மட்டும் டோக்கன் பத்தாது. ஒரு மாச வசூலைப் பாத்து வருஷத்த முடிவு பண்றவங்க இதுல கண்டிப்பா ஏமாறுவாங்க.

யாருக்கு நஷ்டம்னு கேட்டீங்க. 2023-24ல வருவாய் பற்றாக்குறை, அதாவது வரவுக்கு மேல போன அன்றாடச் செலவு, 37,540 கோடின்னு ஆரம்பிச்சு 45,121 கோடியில முடிஞ்சது. அந்த டிசம்பர்ல சென்னைப் பக்கம் புயல், அப்புறம் தூத்துக்குடி, நெல்லை வெள்ளம், அந்தச் செலவும் அதுல உண்டு, வரி குறைஞ்சதும் உண்டு. பள்ளத்த ரெண்டு வழியிலதான் அடைக்க முடியும். ஒண்ணு கூடக் கடன் வாங்கணும், அது வட்டியா வந்து உக்காரும். இல்லன்னா வேலையத் தள்ளிப் போடணும், சம்பளத்தையும் பென்ஷனையும் நிறுத்த முடியாதுல்ல, ரோடு, பாலம், பள்ளிக்கூடக் கட்டடம்தான் முதல்ல நிக்கும்.

அரசாங்கத்துக்கிட்ட நான் கேக்குறது ஒண்ணுதான். பட்ஜெட் உரையோட முதல் பக்கத்துல, போன அஞ்சு வருஷமும் சொன்னது எவ்வளவு வந்தது எவ்வளவுன்னு பக்கத்துல பக்கத்துல போடுங்க. 2021ல வெள்ளை அறிக்கை போட்டு பழைய கணக்கையெல்லாம் வெளிய வச்சாங்களே, அத என்னைக்கோ ஒருக்கா இல்லாம வருஷா வருஷம் செய்யலாம்.

நீங்களும் ஒண்ணு செய்ங்க. உங்ககிட்ட கடனுக்கு சிமெண்ட் எடுக்குற காண்ட்ராக்டர்ல அரசாங்க வேலை செய்றவங்க இருப்பாங்க. பில்லு இன்னும் பாஸ் ஆகல அண்ணாச்சி, அடுத்த மாசம் தர்றேன்னு சொல்றவங்க பாக்கிய மட்டும் தனியா ஒரு பக்கம் எழுதுங்க. எத்தன மாசம் இழுக்குதுன்னு பாத்து எனக்கு எழுதுங்க, அதையும் இங்கயே போடுறேன்.