வட மாநிலத் தொழிலாளர்கள் வந்ததால் திருப்பூரின் மக்கள்தொகை எப்படி மாறியிருக்கிறது? உள்ளூர்க்காரர்கள் சிறுபான்மை ஆகிவிட்டார்களா?

திருப்பூரில் தம்மை உள்ளூர்க்காரர் என்று சொல்லிக்கொள்ளும் பலருக்குக் குலதெய்வம் தேனி, மதுரை, திண்டுக்கல் பக்கம் இருக்கிறது. எங்கள் குடும்பமும் அந்தக் கூட்டம்தான். அப்பா ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது டைலருக்கு உதவியாளாகச் சேர்ந்து, பிறகு ஓவர்லாக் டைலர் ஆனவர். "வடக்கத்தியர் வந்து ஊரைக் கெடுத்துவிட்டார்கள்" என்று எங்கள் சொந்தக்காரர்களே புலம்பும்போது எனக்குச் சிரிப்புதான் வரும். இதே பேச்சை எங்களைப் பார்த்துப் பேசிய காலம் ஒன்று உண்டு.

2001 கணக்கெடுப்பில் திருப்பூர் நகரத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ மூன்றரை லட்சம். 2011இல் பழைய எல்லைக்குள் 4.44 லட்சம். அந்த ஆண்டே நல்லூர், வேலம்பாளையம் நகராட்சிகளும் சில ஊராட்சிகளும் மாநகராட்சியோடு சேர்ந்தன. புதிய எல்லைக்கு அதே கணக்கெடுப்பின்படி 8.77 லட்சம். மூன்றரையையும் எட்டே முக்காலையும் பக்கத்தில் வைத்துப் பத்தே ஆண்டில் இரண்டரை மடங்கு என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். அந்த வளர்ச்சியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு எல்லைக்கோடு நகர்ந்ததால் வந்தது. ஆனால் கோட்டுக்கு வெளியே, கோட்டுக்கு உள்ளே இருந்த அளவுக்கு இன்னொரு ஊர் ஏற்கெனவே உருவாகியிருந்தது என்பதைக் கவனியுங்கள். நிலம் மலிவாகக் கிடைத்த பக்கம் கம்பெனிகள் நகர்ந்தன. அவற்றின் பின்னாலேயே லைன் வீடுகள், அதாவது வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வாடகை வீடுகள், முளைத்தன.

தென் மாவட்டத்து ஆட்கள் வருவது ஏன் குறைந்தது? நூறு நாள் வேலைதான் காரணம் என்பார்கள் முதலாளிகள். அதைப் பாதிக் காரணமாகத்தான் என்னால் ஏற்க முடிகிறது. பனியன் கம்பெனியில் உழைத்தவர்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். படித்தவர்கள் தையல் மெஷினில் உட்காரவில்லை. நானே ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குதான் எழுதுகிறேன். பிள்ளைகளின் எண்ணிக்கையும் சுருங்கிவிட்டது. பிறப்பு, இறப்பைக் கணக்கிடும் மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் தமிழ்நாட்டில் 1.4, பீகாரில் 3.0. காலியான மெஷின் எங்கே, அதில் உட்காரும் வயதுப் பிள்ளைகள் எங்கே என்பதற்கு இந்த இரண்டு எண்கள் போதும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது எங்கள் தெருவிலிருந்து சொந்த ஊருக்குக் கிளம்பிய குடும்பங்களில் பல திரும்பவே இல்லை. தொழில் மறுபடி எழுந்தபோது அந்த அறைகளுக்கு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் குடிவந்தார்கள்.

ஆகவே தலைக்கணக்கைவிட வயதுக்கணக்குதான் பெரிதாக மாறியிருக்கிறது. பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வரை ஊர் வீங்கியிருக்கிறது. வந்தவர்களின் கிழவர்களும் குழந்தைகளும் ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார்கள். அவர்களுக்கான செலவை அந்த ஊர் ஏற்கிறது, உழைக்கும் வயது முழுவதையும் திருப்பூர் எடுத்துக்கொள்கிறது. இந்தக் கணக்கை யாரும் பேசுவதில்லை.

இப்போது அதுவும் மாறுகிறது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் எட்டு அறை கொண்ட லைன் வீடு ஒன்று. முன்பு ஓர் அறைக்கு ஐந்தாறு இளைஞர்கள்; ஷிப்ட் மாற்றி ஒரே பாயில் தூங்குவார்கள். இன்று அவற்றில் மூன்று அறைகளில் குடும்பங்கள். கணவன் பவர் டேபிள் தையல் மெஷினில், மனைவி தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில். தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சி கடுகு எண்ணெயும் கடலை மாவும் வாங்கி அடுக்கிவிட்டார். இந்தியில் பேரம் பேசவும் பழகிவிட்டார். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் தமிழ் படிக்கிறார்கள். அம்மா மருந்துக் கடைக்குப் போனால் ஏழெட்டு வயதுப் பெண்தான் மொழிபெயர்ப்பாளர். தனி ஆளுக்குப் படுக்க இடம் போதும். குடும்பத்துக்கு அங்கன்வாடியும், பள்ளியும், தனிக் கழிப்பறையும் வேண்டும். எட்டு அறைக்கு இரண்டு கழிப்பறை என்ற பழைய கணக்கு இனி உதவாது.

ஊரின் நாட்காட்டியும் இரண்டாகிவிட்டது. தீபாவளி, பொங்கலுக்கு மதுரை பஸ்களில் கூட்டம். பீகார்ப் பக்கத்துச் சூரிய வழிபாட்டு விழாவான சத் பூஜைக்கும் ஹோலிக்கும் ஜார்க்கண்டின் தன்பாத் போகும் ரயிலின் முன்பதிவில்லாப் பெட்டியில் கால் வைக்க இடம் இருக்காது. 2023 மார்ச்சில் வடவர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. ஹோலிக்குப் போகிறவர்களோடு, பயந்துபோய்க் கிளம்பியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளிகள் தவித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்துவிட்டுப் போனது.

சிறுபான்மை ஆகிவிட்டோமா என்ற கேள்விக்கு வருகிறேன். பனியன் கடைவீதியான காதர்பேட்டையிலும் பழைய பேருந்து நிலையத்திலும் ஞாயிற்றுக்கிழமை நின்று பார்த்தால் அப்படித்தான் தோன்றும். வாரம் முழுவதும் கம்பெனிக்குள் இருப்பவர்கள் ஒரே நாளில் வெளியே வந்தால் எந்த ஊரும் அப்படித் தெரியும். செவ்வாய்க்கிழமை வந்து பாருங்கள்.

இவர்களில் பெரும்பாலோருக்கு இங்கே வாக்கு இல்லை. வார்டு கவுன்சிலர் லைன் வீட்டுச் சந்துக்குள் வராததற்கு வேறு காரணம் தேட வேண்டாம். குடிநீரும் குப்பை வண்டியும் இன்னும் 2011ஆம் ஆண்டுக் கணக்கை வைத்தே பேசப்படுகின்றன, 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்காததால். அது 2027 பிப்ரவரியில் நடக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். ஹோலியும் சத் பூஜையும் இல்லாத மாதம். ஆட்கள் ஊரில் இருப்பார்கள். லைன் வீடு வைத்திருப்பவர்கள் வரிக்குப் பயந்து ஆள் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லாமல் இருந்தால் நல்லது.