முதல் பந்தியிலயே நிக்கிறவருக்கு

ஒரு வரி எழுதினதும் ‘இதெல்லாம் ஒரு கதையோ’ எண்டு உள்ளுக்க ஒரு குரல் கேக்குது, உடனே அழிச்சிடுறன், மூண்டு மாசமா முதல் பந்தியிலயே நிக்கிறன் எண்டு எழுதியிருந்தீங்கள். எனக்கும் இதே வருத்தம் இருந்தது, அதால சொல்லுறன், முதல்ல லப்டொப்பை மூடி வையுங்கோ. அழிக்கிற பட்டன் கைக்குக் கிட்ட இருந்தா அந்தக் குரல் சும்மா இராது.

80 பக்கக் கொப்பி ஒண்டு எடுங்கோ, போன்ல 10 நிமிசம் டைமர் வையுங்கோ, பெல் அடிக்குமட்டும் கை நிக்கக் கூடாது, வெட்டவும் கூடாது, மேல எழுதினதைத் திரும்பி வாசிக்கவும் கூடாது. ஒண்டும் வரேல்லையெண்டா ‘ஒண்டும் வரேல்ல’ எண்டே எழுதிக்கொண்டு போங்கோ. பீட்டர் எல்போ எண்ட அமெரிக்கப் பேராசிரியர் 1973இலயே சொன்ன வழிதான் இது, எழுதுறது ஒரு வேலை, திருத்துறது வேற வேலை, ரெண்டையும் ஒண்டாச் செய்யப்போய்த்தான் மாட்டுப்படுறம்.

நான் திருகோணமலை டச் பே கடற்கரையில இருந்து முதல்நாள் எழுதினது ஒண்டரைப் பக்கம். பாதி ‘வெக்கையாக் கிடக்கு, மான் வந்து லஞ்ச் ஷீட்டைத் தின்னுது’ எண்ட மாதிரிக் குப்பை (மான் உண்மையாவே தின்டது). ஆனா நடுவில அம்மம்மா கருவாடு காயப்போடுற பாயைப் பற்றி நாலு வரி, நான் நினைச்சே பாக்காதது, அதுதான் பிறகு கதையாச்சு.

அந்தக் குரலைத் துரத்தத் தேவையில்ல, திருத்தேக்க கூப்பிடலாம். எழுதினதை அண்டைக்கே ஒருத்தருக்கும் காட்டாதீங்கோ, முக்கியமா எழுத்துப்பிழை பாக்கிற ஆக்களுக்கு.