“அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மேடம்”

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. சென்னையில் ஹாஸ்டலில் தங்கி பி.காம். இரண்டாம் வருடம் படிக்கிறாள். போன வாரம் போனில், “ஃபிரெண்டுக்கு பர்த்டேம்மா. சனிக்கிழமை ஈ.சி.ஆர்.ல ஒரு வீடு எடுத்திருக்காங்க. பசங்களும் வர்றாங்க. நைட் அங்கயே தங்கிட்டு காலைல வந்துருவோம்” என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் அப்பாவிடம் சொன்னால் “படிச்சது போதும், பெட்டியைக் கட்டிக்கிட்டு வரச் சொல்லு” என்பார். டேட் ரேப் (பழகியவனே செய்கிற பலாத்காரம்) என்று பேப்பரில் படிக்கும்போதெல்லாம் அடிவயிறு கலங்குகிறது. இதைப் பாப்பாவிடம் எப்படிப் பேசுவது? பேசப்போய், இல்லாததை நானே எடுத்துக்கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? பெரியவன் கோவையில் இன்ஜினியரிங் கடைசி வருடம். ஆம்பளைப் பையன், அவனைப் பற்றிக் கவலை இல்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் ஒன்று. உங்கள் மகள் பார்ட்டிக்குப் போவதை உங்களிடம் சொல்லியிருக்கிறாள். பசங்க வருகிறார்கள், ராத்திரி தங்குகிறோம் என்பதையும் மறைக்கவில்லை. எத்தனை வீட்டில் இது நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? “ஃபிரெண்ட் வீட்ல குரூப் ஸ்டடி” என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம் அவள். நீங்கள் கலங்குகிற அந்த போன் கால்தான் உங்கள் கையில் இருக்கிற பெரிய பலம். அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் பதினோரு வருடம் ஒரு மகளிர் விடுதியில் வார்டனாக இருந்தவள். ஒரு திங்கட்கிழமை விடியற்காலை, மணி ஐந்தரை இருக்கும், துணி துவைக்கிற சத்தம் கேட்டுப் பின்பக்கம் போனேன். ஒரு பெண் ஒரே சுடிதாரை பக்கெட்டில் முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். சோப்பெல்லாம் எப்போதோ போய்விட்டது, வெறும் தண்ணீர். விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கி வெளுத்துக் கிடந்தது. “என்னம்மா இந்நேரத்துல?” என்று கேட்டேன். அவள் அவன் பெயரைச் சொல்லவில்லை, என்ன நடந்தது என்றும் சொல்லவில்லை. “அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மேடம்” என்றாள். அதுதான் முதல் வார்த்தை.

அவன் அவளோடு எட்டு மாதம் பழகியவன், நோட்ஸ் எழுதிக் கொடுத்தவன். நடந்தது சனிக்கிழமை இரவு. ஞாயிறு முழுக்க அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அம்மா மோசமானவரும் இல்லை. பின்னால் நேரில் பார்த்தேன், மகள் மேல் உயிரையே வைத்திருந்தவர். ஆனால் ஊரிலிருந்து அனுப்பும்போது, “ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நம் வீடுகளில் பாசமாகச் சொல்கிற வார்த்தைதான். அந்தப் பெண் அதை அப்படியே நம்பிவிட்டாள்.

பொள்ளாச்சி வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். ஃபேஸ்புக்கில் நட்பாகப் பேசிப் பழகி, காரில் கூட்டிப் போய், வீடியோ எடுத்து, அதைக் காட்டியே மிரட்டினார்கள். 2019 பிப்ரவரியில் 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருத்தி புகார் கொடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு நடந்ததும் தெரியவந்தது. அந்தக் கும்பலின் ஆயுதம் செல்போன் வீடியோ என்று எல்லோரும் எழுதினார்கள். என்னைக் கேட்டால், “வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்” என்கிற பயம் இல்லாவிட்டால் அந்த வீடியோவுக்குக் கால் காசு மதிப்பில்லை. 2025 மே 13ஆம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை.

பேசினால் எடுத்துக்கொடுத்தது போல ஆகிவிடுமா என்கிறீர்கள். ஆகாது. இந்தச் சமாச்சாரம் அவளுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும், ரீல்ஸிலும் ஹாஸ்டல் அரட்டையிலும் கேட்டிருப்பாள். தெரியாதது ஒன்றுதான்: தனக்கு அப்படி நடந்தால் அம்மா யார் பக்கம்? அதை நீங்கள் வாயைத் திறந்து சொன்னால்தான் தெரியும். “பாப்பா, எந்த நேரமா இருந்தாலும் கூப்பிடு. எங்க போன, யாரோட போன, என்ன குடிச்சன்னு அன்னைக்கு கேக்க மாட்டேன். முதல்ல நீ வந்து சேரு.” இவ்வளவுதான். சொல்லும்போது கூச்சமாக இருக்கும். கீரை ஆய்ந்துகொண்டோ பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டோ சொல்லுங்கள், முகத்துக்கு முகம் பார்த்துதான் சொல்ல வேண்டும் என்றில்லை.

அப்புறம் வார்த்தை. டிவியில் இப்படி ஒரு செய்தி வந்தால் வீட்டில் என்ன பேசுகிறோம்? “பொண்ணு கெட்டுப்போச்சு.” கெட்டுப்போவதற்கு அவள் என்ன, வெளியே வைத்த பாலா? “இவ ஏன் அந்நேரத்துக்கு அங்க போனா?” என்று சோபாவில் உட்கார்ந்து நீங்கள் கேட்ட கேள்வியைப் பக்கத்து அறையில் இருந்து உங்கள் மகள் கேட்டுக்கொண்டுதான் வளர்ந்திருக்கிறாள். தனக்கு ஒன்று நடந்தால் அந்தக் கேள்வி தன்னிடமும் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம். நான் உங்கள் இடத்தில் இருந்தால், “போயிட்டு வா, ராத்திரி தங்க வேண்டாம்” என்பேன், காரணத்தையும் சொல்வேன். வீடு யார் பெயரில் எடுத்தது என்று தெரியாது, எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது, நள்ளிரவுக்கு மேல் ஈ.சி.ஆரில் வண்டி பிடிப்பது கஷ்டம். அவள் தங்கியே தீருவேன் என்றால், கத்திச் சண்டை போட்டுத் தடுப்பதைவிட ஏற்பாட்டோடு போக விடுவது மேல். கூடப் போகிற பெண்களில் இரண்டு பேரின் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். சேர்ந்து போகிறவர்கள் சேர்ந்தே திரும்ப வேண்டும், ஒருத்தியை விட்டுவிட்டு யாரும் கிளம்பக்கூடாது என்பதை அவர்களே பேசி வைத்துக்கொள்ளட்டும். லொகேஷனை அந்த ஒரு ராத்திரிக்கு ஷேர் பண்ணச் சொல்லலாம். வருடம் முழுக்க வேண்டாம். 24 மணி நேரமும் கண்காணித்த பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன். போன் ஹாஸ்டல் கட்டிலில் சமத்தாக சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும், பெண் மகாபலிபுரத்தில் இருப்பாள்.

குடிக்கிற விஷயத்தையும் பேசிவிடுங்கள். ஜூஸில் மாத்திரை கலந்து கொடுப்பது நடக்கிறதுதான். அதனால் திறந்து வைத்த கிளாஸை விட்டுவிட்டுப் போனால் திரும்பி வந்து அதைத் தொட வேண்டாம், சீல் உடைக்காத பாட்டிலைத் தானே திறக்கட்டும். ஆனால் இந்தக் குற்றத்தில் மிக அதிகமாகப் பயன்படும் மயக்க மருந்து சாதாரண மதுதான். தமிழ்நாட்டில் குடிக்கச் சட்டப்படி 21 வயது ஆக வேண்டும். உங்கள் மகள் இரண்டு மடக்குக் குடித்துவிட்டாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ‘குடிச்சேன்னு தெரிஞ்சா அவ்வளவுதான்’ என்று பயந்து உங்களைக் கூப்பிடாமல் இருந்துவிடக் கூடாது. குடித்ததற்குத் திட்டுவதை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.

முகம் தெரியாதவனைப் பற்றி மட்டும் எச்சரித்துப் பயனில்லை. பதிவாகிற பாலியல் பலாத்கார வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்த ஆள்தான் செய்திருக்கிறான். ஆள் பார்க்க எப்படி இருப்பான் என்று சொல்ல முடியாது, ஆனால் சின்னச் சின்ன ‘வேண்டாம்’களை அவன் என்ன செய்கிறான் என்று கவனிக்கச் சொல்லுங்கள். போதும் என்றவள் தட்டில் இன்னும் வைப்பான், பைக் வேண்டாம் பஸ்ஸில் போகிறேன் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், கூட்டத்திலிருந்து தனியாக இழுத்துப் போகவே பார்ப்பான். கடைசியில், “என் மேல நம்பிக்கை இல்லையா?” என்று கேட்பான். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. அழைத்து வந்தவன், செலவு செய்தவன், போன மாதம் அவளே தன் கையைப் பிடிக்க விட்டவன் என்றாலும் இன்றைக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நாசூக்காக நடந்துகொள்ள வேண்டும் என்று நாம் சொல்லிச் சொல்லி வளர்த்ததால் இந்தப் பிள்ளைகள் எழுந்து போகத் தயங்குகிறார்கள். பாத்ரூம் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம். மரியாதையெல்லாம் அப்புறம்.

இதையெல்லாம் செய்தும் ஒன்று நடந்துவிட்டால்? அதையும் இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். குளிக்கக்கூடாது, துணி துவைக்கக்கூடாது. அந்தத் துணியை பிளாஸ்டிக் கவரில் போடாமல் காகிதப் பையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில மயக்க மருந்துகள் சுமார் 12 மணி நேரத்தில் சிறுநீரில் தடயமே இல்லாமல் போய்விடும் என்பதால் சீக்கிரம் போவது நல்லது. கர்ப்பம் தடுக்கும் மாத்திரைக்கும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கும் 72 மணி நேரம்தான் கணக்கு. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை எதுவானாலும் இலவசமாக உடனே சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். ‘முதல்ல எஃப்.ஐ.ஆர். கொண்டு வா’ என்று திருப்பி அனுப்பக்கூடாது. கன்னித்தன்மை பார்க்கிறேன் என்று செய்கிற இரு விரல் பரிசோதனையைச் செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022லும் கண்டித்துச் சொல்லியிருக்கிறது. சம்பவம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181. படம், வீடியோ என்று மிரட்டினால் 1930. துவைத்துவிட்டாலும், நாள் கடந்துவிட்டாலும் புகார் கொடுக்க முடியும். நான் சொன்ன அந்தப் பெண்ணிடமும் அன்றைக்கு முதலில் அதைத்தான் சொன்னேன்.

பெயர் வெளியே வந்துவிடுமோ என்கிற பயம் நியாயமானது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் சிறைத் தண்டனை உண்டு. இருந்தும் பொள்ளாச்சியில் போலீஸே பெயரைச் சொன்னது, 2024 டிசம்பரில் பாலியல் புகார் கொடுத்த அண்ணா பல்கலைக்கழக மாணவியின் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் கசிந்தது. இரண்டு தடவையும் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது உயர் நீதிமன்றம். இழப்பீடு கிடைத்தது என்பதற்காக நடந்ததை நான் சரி என்று சொல்லமாட்டேன். அதனால்தான் போலீஸுக்குப் போகும்போது ஒரு வக்கீலோ விவரம் தெரிந்த பெண் ஒருவரோ கூட இருப்பது நல்லது என்கிறேன். போவதா வேண்டாமா என்பதை உங்கள் மகள் முடிவு செய்யட்டும்.

இப்போது, நீங்கள் கவலையில்லை என்று ஒரு வரியில் முடித்த பெரியவன். எனக்கு அவனைப் பற்றித்தான் அதிகம் கேட்கத் தோன்றுகிறது. கோவையில் அவன் நண்பன் வீட்டில் இதே மாதிரி ஒரு பர்த்டே. நிற்க முடியாமல் தள்ளாடுகிற ஒரு பெண்ணை ஒருத்தன் தோளில் சாய்த்து, “நான் பாத்துக்கறேன் மச்சி” என்று உள்ளறைக்குக் கூட்டிப் போகிறான். உங்கள் மகன் என்ன செய்வான்? அவனிடம் கேட்டுப் பாருங்கள். போதையில் இருப்பவள், தூங்குகிறவள் ‘ம்’ என்று முனகினாலும் அது சம்மதமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு இதை விளக்கமாகவே சொல்கிறது: என்ன நடக்கிறதென்று புரியாத போதையில் தந்த சம்மதம் செல்லாது, எதிர்த்துப் போராடவில்லை என்பதால் மட்டும் அவள் ஒப்புக்கொண்டாள் என்று ஆகாது. தண்டனை பத்து வருடத்துக்குக் குறையாது. காலேஜ் முதல் வருடத்தில் 17 வயதுப் பிள்ளைகள் நிறைய இருப்பார்கள். அவர்கள் விஷயத்தில் சம்மதம் என்ற பேச்சே கிடையாது, நேரே 18 வயது ஆகாதவர்களுக்கான போக்சோ சட்டம். இதை அவன் நண்பர்களுக்கும் சொல்லட்டும். “டேய், அவளை விடு, அவ ஃபிரெண்ட்ஸைக் கூப்பிடுறேன்” என்று ஒருத்தன் குறுக்கே நின்றால் போதும். இந்த ஒரு வாக்கியத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது நீங்களும் அவன் அப்பாவும்தான்.

பையன்களுக்கும் இது நடக்கிறது. ராகிங் என்ற பெயரில், சீனியர் ரூமில். மகளுக்குச் சொன்ன “எந்த நேரமா இருந்தாலும் கூப்பிடு” என்பதை மகனுக்கும் சொல்லிவிடுங்கள்.

அவள் அப்பா விஷயம். அவரிடம் மறைக்காதீர்கள். இன்னொன்று, நாமக்கல்லிலிருந்து சென்னைக்கு ராத்திரியில் நீங்கள் போய்ச் சேர ஆறேழு மணி நேரம் ஆகிவிடும். சென்னையில் ஒரு ஆள் வேண்டும். சொந்தக்காரர் யாரையாவது நீங்களே முடிவு செய்து சொல்லிவைத்தால் அவள் கூப்பிட மாட்டாள், ஊரெல்லாம் தெரிந்துவிடும் என்று பயப்படுவாள். “ராத்திரி ஒரு மணிக்கு நீ யாரைக் கூப்பிடுவ?” என்று அவளையே கேளுங்கள். சித்தியோ, தோழியின் அக்காவோ, யாரைச் சொல்கிறாளோ அவரிடம் நீங்கள் பேசிவைத்துவிடுங்கள். சனிக்கிழமை தூங்கப் போகும்போது போனை சைலன்ட்டில் போடாமல் தலைமாட்டில் வையுங்கள்.