எரியாத விளக்கும் எழுத வேண்டிய நோட்டும்

கேள்வி: எட்டாம் வகுப்பில் இரண்டு எலுமிச்சம்பழங்களை வைத்து மின்கலம் செய்தோம். எல்.இ.டி. எரியவில்லை. பிள்ளைகள் நோட்டில் என்ன எழுதுவது?
- அறிவியல் ஆசிரியை

பதில்: எரியவில்லை என்பதையே எழுதட்டும், பாடமே அதில்தான் இருக்கிறது. செம்புக் கம்பியும் துத்தநாகம் பூசிய ஆணியும் செருகிய பழம் ஏறத்தாழ 0.9 வோல்ட் தரும். சிவப்பு எல்.இ.டி.க்குச் சுமார் 1.8 வோல்ட் வேண்டும். கணக்குக்கு இரண்டு பழம் சரியாக வந்தாலும், எல்.இ.டி.யை இணைத்ததும் பழத்தின் வோல்ட் இறங்கிவிடும், அதனால் இரண்டு போதாது. நான்கைத் தொடராக இணையுங்கள்: ஒன்றின் செம்பு அடுத்ததன் ஆணியோடு. எல்.இ.டி.யின் நீண்ட கால் கடைசிச் செம்பில் சேரட்டும். பழத்துக்குள் கம்பியும் ஆணியும் தொட்டுக்கொள்ளக் கூடாது. வெளிச்சம் மங்கல்தான், ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் ஊகத்தை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பார்த்த பிறகு எழுதினால் அது ஊகமாகாது. துத்தநாகம் கரைந்த அந்தப் பழத்தை யாரும் சாப்பிடக் கூடாது.